வளர்ச்சி கூடியது என்று செய்தி வந்த நாளில் சந்தை ஏன் இறங்குகிறது?

பி.ஏ. பொருளாதாரம் இரண்டாம் ஆண்டு படிக்கிறீர்கள். நாட்டின் வளர்ச்சி விகிதம் நன்றாக இருக்கிறது என்று செய்தி வரும் நாளிலேயே பங்குச் சந்தை இறங்குகிறது, ரிசர்வ் வங்கி வட்டியைக் குறைத்தும் சில சமயம் ஒன்றும் நடப்பதில்லை, அப்படியானால் வகுப்பில் படிப்பதற்கும் சந்தைக்கும் தொடர்பே இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, டியூஷன் எடுத்துச் சேர்த்த 10,000 ரூபாயை எதில் போடலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். பார்க்க இரண்டு கேள்வி. ஆனால் அடியில் இருப்பது ஒன்றுதான்: பொருளாதாரம் தெரிந்தவனுக்குச் சந்தையில் அடுத்து எது ஏறும் என்று மற்றவர்களைவிட முன்னால் தெரியுமா? தெரியாது. ஆனால் ஏன் தெரியாது என்பதைப் புரிந்துகொள்ள நீங்கள் படிக்கும் பாடம் நன்றாகவே உதவும்.

நான் பேசும் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு வங்கியின் ட்ரெஷரி பிரிவில் பதினெட்டு ஆண்டு இருந்தேன். அரசுப் பத்திரங்களை வாங்கி விற்பதுதான் வேலை. அதனால் கடன் பத்திரம், வட்டி என்றால் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன். தனிப்பட்ட பங்குகளை அலசிப் பார்ப்பது என் தொழில் அல்ல. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபியில் பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகரும் அல்ல. எந்தப் பங்கின் பெயரையும் இங்கே எதிர்பார்க்க வேண்டாம்.

பாடப்புத்தகம் நிதிச் சந்தையைச் சேமிப்பவரையும் கடன் வாங்குபவரையும் இணைக்கும் அமைப்பு என்று சொல்லி நகர்ந்துவிடும். அது சரிதான், ஆனால் மனதில் ஒட்டாது. உங்கள் வீட்டில் யாராவது ஏலச் சீட்டுப் போட்டிருந்தால் அதை யோசித்துப் பாருங்கள். 20 பேர், மாதம் 5,000 ரூபாய், 20 மாதம், ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு. மூன்றாம் மாதமே பணம் தேவைப்படுகிறவர் 25,000 ரூபாய் தள்ளி 75,000 ரூபாயை எடுத்துக்கொண்டு போகிறார். கடைசி வரை பொறுத்திருப்பவருக்கு மற்றவர்கள் தள்ளிய பணம் மாதாமாதம் கசராக வந்து சேர்கிறது. இன்றைய பணத்துக்கும் பின்னால் வரப்போகும் பணத்துக்கும் இடையில் ஒரு விலை இருக்கிறது. அந்த விலையை யாரும் மேலே இருந்து நிர்ணயிக்கவில்லை, அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருப்பவர்களின் அவசரமும் பொறுமையும் சேர்ந்து நிர்ணயிக்கிறது. பள்ளிக் கட்டணம் கட்டும் ஜூன் மாதத்தில் தள்ளு ஏறினால், ஊரில் பணத்தட்டுப்பாடு என்று சீட்டுப் பிடிப்பவர் சொல்லிவிடுவார். எடுத்தவர் பாக்கித் தவணையைக் கட்டாமல் ஓடிவிடலாம் என்ற பயமும் அதே ஏலத்தில் கலந்திருக்கிறது. காலத்துக்கு ஒரு விலை, நம்பிக்கைக்கு ஒரு விலை. மும்பையில் நடப்பதும் இதுதான், ஆட்களும் பணமும்தான் அதிகம்.

இதன் மிகச் சுத்தமான வடிவம் கருவூல உண்டியல். நாங்கள் டி-பில் என்போம். மத்திய அரசு 91, 182, 364 நாட்களுக்குக் கடன் வாங்குகிறது. வட்டி என்று தனியாக எதுவும் கிடையாது. 100 ரூபாய் திரும்பத் தருகிறேன், இன்று எவ்வளவு தருவாய் என்று ஏலம். 91 நாள் உண்டியலை 98 ரூபாய் 40 காசுக்கு வாங்கினால் லாபம் ஒரு ரூபாய் 60 காசு. போட்ட பணத்தால் வகுத்து ஆண்டுக்கு மாற்றினால் சுமார் 6.52 சதவீதம். விலை 98.40 என்று சொன்னாலும் ஈல்டு, அதாவது ஆண்டு வருவாய் விகிதம், 6.52 என்று சொன்னாலும் ஒரே விஷயம். இது பிடிபட்டால், மாணவர்கள் தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் அந்த வாக்கியம், அதாவது வட்டி ஏறினால் பத்திர விலை இறங்கும் என்பது, மனப்பாடம் செய்ய வேண்டிய ஒன்றே அல்ல. ஒரே கணக்கின் இரண்டு முகம் அது.

இன்னும் ஒரு படி போவோம். ஆண்டுக்கு 7 ரூபாய் வட்டி தரும் 100 ரூபாய்ப் பத்திரம் உங்களிடம் இருக்கிறது. நாளைக்கே புதிய பத்திரங்கள் 8 சதவீதத்துக்குக் கிடைக்கின்றன. உங்களுடையதை யார் 100 ரூபாய்க்கு வாங்குவார்? முதிர்வுக்கு ஓராண்டுதான் பாக்கி என்றால் 99 ரூபாய் 7 காசுக்கு விற்கலாம். பத்து ஆண்டு பாக்கி என்றால் 93.29. முப்பது ஆண்டு என்றால் 88.74. கால்குலேட்டரில் நீங்களே போட்டுப் பாருங்கள், பத்து நிமிட வேலை. அரசு ஏமாற்றவில்லை, ஒரு பைசா வட்டி பாக்கி வைக்கவில்லை, ஆனாலும் முப்பது ஆண்டுப் பத்திரம் வைத்திருப்பவருக்கு ஒரே நாளில் 11 ரூபாய்க்கு மேல் போய்விட்டது. ‘அரசுப் பத்திரம் பாதுகாப்பானது’ என்ற வாக்கியத்தில் கடன் திரும்ப வரும் என்ற உறுதி மட்டும்தான் இருக்கிறது. இடையில் விற்க நேர்ந்தால் என்ன விலை கிடைக்கும் என்ற உறுதி அதில் இல்லை.

இது ஏட்டுச் சுரைக்காய் என்று நினைத்தால், 2023 மார்ச்சில் அமெரிக்காவின் சிலிகான் வேலி வங்கி விழுந்ததைப் பாருங்கள். அந்த வங்கி மோசடி நிறுவனங்களுக்குக் கடன் கொடுத்துக் கெடவில்லை. தொழில்நுட்ப நிறுவனங்கள் கொண்டுவந்து கொட்டிய டெபாசிட்டை, வட்டி கிட்டத்தட்டப் பூஜ்யமாக இருந்த காலத்தில், நீண்ட காலப் பத்திரங்களில் போட்டு வைத்தது. அமெரிக்க அரசும் அதன் சார்பு அமைப்புகளும் உத்தரவாதம் தரும் பத்திரங்கள் அவற்றில் பெரும்பகுதி. 2022 மார்ச்சிலிருந்து அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் மளமளவென்று வட்டியை ஏற்றியது. பத்திர விலைகள் இறங்கின. டெபாசிட்காரர்கள் பணம் கேட்டபோது சுமார் 2,100 கோடி டாலர் பத்திரங்களை 180 கோடி டாலர் நஷ்டத்தில் விற்றதாக வங்கி மார்ச் 8 அன்று அறிவித்தது. மறுநாள் மட்டும் 4,200 கோடி டாலரை எடுக்க ஆட்கள் வரிசை கட்டினார்கள், பெரும்பாலும் கைபேசியிலேயே. மார்ச் 10 அன்று வங்கி மூடப்பட்டது. நான் மேலே சொன்ன 100 ரூபாய், 88 ரூபாய் கணக்குதான் அங்கேயும். கூடுதலாக ஒன்று: எந்த நாளில் பணம் வேண்டும் என்பது உன் கையில் இல்லாதபோது, நீண்ட காலப் பத்திரத்தை வைத்திருக்காதே. உங்கள் 10,000 ரூபாய்க்கும் இது பொருந்தும், பிறகு வருகிறேன்.

பத்திரத்திலாவது எவ்வளவு வரும், எப்போது வரும் என்று எழுதி வைத்திருக்கிறது. பங்கில் அதுவும் இல்லை. நிறுவனம் எல்லாருக்கும் கொடுக்க வேண்டியதைக் கொடுத்த பிறகு மிச்சம் எதுவோ அதில் உங்களுக்குப் பங்கு. அந்த மிச்சம் எவ்வளவு என்பது வெறும் எதிர்பார்ப்பு. ஆகவே பங்கின் விலை என்பது, வரப்போகும் லாபங்களைப் பற்றிய எதிர்பார்ப்பை இன்றைய வட்டியாலும் பயத்தாலும் கழித்துப் போட்ட மதிப்பு. உங்கள் முதல் கேள்விக்கு விடை இந்த ‘எதிர்பார்ப்பு’ என்ற சொல்லில்தான் இருக்கிறது. நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று சந்தை பார்ப்பதில்லை. ஏற்கெனவே நினைத்திருந்ததைவிட நல்லதா கெட்டதா என்று பார்க்கிறது.

நம் ஊர் உதாரணமே இருக்கிறது. 2022 மே 4 அன்று ரிசர்வ் வங்கி, கூட்ட அட்டவணையில் இல்லாத ஒரு நாளில், வங்கிகளுக்குத் தான் கடன் தரும் வட்டியான ரெப்போ விகிதத்தை 4 சதவீதத்திலிருந்து 4.4 ஆக்கியது. யாரும் எதிர்பார்க்கவில்லை. மும்பைப் பங்குச் சந்தையின் குறியீடான சென்செக்ஸ் அன்று 1,300 புள்ளிகளுக்கு மேல் விழுந்தது. அடுத்த மாதம் ஜூன் 8 அன்று இன்னும் பெரிதாக, அரை சதவீதம் ஏற்றியது. சென்செக்ஸ் சுமார் 200 புள்ளிதான் இறங்கியது. பாடப்புத்தக வழியில் யோசித்தால் பெரிய உயர்வுக்குப் பெரிய சரிவு வந்திருக்க வேண்டும். ஆனால் ஜூன் உயர்வு வரப்போகிறது என்று எல்லாரும் ஏற்கெனவே விலையில் ஏற்றிவிட்டார்கள்.

நாட்டின் மொத்த உற்பத்தியான ஜி.டி.பி.யும் அப்படித்தான். 2020 ஏப்ரல் முதல் ஜூன் வரையான காலாண்டில் நம் பொருளாதாரம் முந்தைய ஆண்டைவிடச் சுமார் 24 சதவீதம் சுருங்கியது என்ற புள்ளிவிவரம் ஆகஸ்ட் 31 அன்று வந்தது. அதே நாளில் சென்செக்ஸ் 38,000க்கு மேல் இருந்தது. ஊரடங்கு தொடங்கவிருந்த மார்ச் 23 அன்று அது 25,981. வரலாறு காணாத சுருக்கம் நடந்துகொண்டிருந்த மாதங்களில் சந்தை ஏறிக்கொண்டிருந்தது. அன்று பலர் சந்தைக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றார்கள். ஜி.டி.பி. கணக்கு முடிந்துபோன மூன்று மாதத்தைப் பற்றியது, பங்கு விலை இனி வரும் பத்துப் பதினைந்து ஆண்டைப் பற்றியது. தவிர, சென்செக்ஸில் இருப்பவை 30 பெரிய நிறுவனங்கள். மூடிக்கிடந்த டீக்கடையும் வேலையிழந்த கட்டடத் தொழிலாளியும் ஜி.டி.பி.யில் உண்டு, சென்செக்ஸில் இல்லை.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ட்ரெஷரியில் சேர்ந்த முதல் ஆண்டு, பணவீக்கம் குறைந்த புள்ளிவிவரம் வந்தது. உடனே பத்திரம் வாங்க வேண்டும் என்று ஒரு பக்கக் குறிப்பு எழுதிக்கொண்டு மேலாளரிடம் போனேன். காரண காரியம் எல்லாம் கச்சிதமாக இருந்தது. அவர் கடைசி வரை படித்துவிட்டு, “எல்லாம் சரி தம்பி, இதுல யாருக்கும் தெரியாத விஷயம் எது?” என்று கேட்டார். பதில் இல்லை. சின்ன அளவில் வாங்கிப் பார் என்று அனுமதித்தார். மாலைக்குள் விலை இறங்கியது, ஏனென்றால் மற்றவர்கள் இன்னும் குறைவான பணவீக்கத்தை எதிர்பார்த்திருந்தார்கள். அந்த ஒரு கேள்வியை அதற்குப் பிறகு நூற்றுக்கணக்கான முறை எனக்கு நானே கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் பதில் இருந்ததில்லை. அப்போதெல்லாம் சும்மா இருப்பதே மேல்.

அப்படியானால் சந்தை விலை எப்போதும் சரியா? இங்கேதான் உறுதியானது முடிந்து சந்தேகம் தொடங்குகிறது. கிடைக்கும் தகவலெல்லாம் விலையில் ஏறிவிடுகிறது என்ற கருத்தோடு பிணைந்த பெயர் யூஜின் ஃபாமா. விலைகள் அடிப்படை மதிப்பிலிருந்து நெடுங்காலம் விலகி அலைகின்றன என்று காட்டியவர் ராபர்ட் ஷில்லர். 2013இல் பொருளாதார நோபல் பரிசை லார்ஸ் ஹான்சனோடு சேர்ந்து இந்த இருவருமே பகிர்ந்துகொண்டார்கள்! என் அனுபவத்தில் இருவர் சொல்வதும் ஓரளவு உண்மை. விலை தவறாக இருக்கலாம். ஆனால் எந்தப் பக்கம் தவறு, எப்போது திருந்தும் என்பதை முன்கூட்டிச் சொல்லிப் பணம் பண்ணுவது வேறு வித்தை. மூலதனச் சொத்து விலை மாதிரி என்று ஒன்று உங்களுக்கு மூன்றாம் ஆண்டில் வரும். 1960களில் வில்லியம் ஷார்ப் முதலானோர் கட்டியது. ஆபத்து அதிகமென்றால் எதிர்பார்க்கும் வருவாயும் அதிகம், அந்த ஆபத்தை பீட்டா என்ற ஒரே எண்ணால், அதாவது சந்தை ஆடும்போது அந்தப் பங்கு எவ்வளவு ஆடுகிறது என்பதால், அளக்கலாம் என்பார்கள். யோசிக்கப் பழக அருமையான கருவி. ஆனால் 1992இல் ஃபாமாவும் கென்னத் ஃபிரெஞ்சும் அமெரிக்கத் தரவை வைத்துப் பார்த்தபோது பீட்டா மட்டும் வருவாய் வித்தியாசத்தை விளக்கவில்லை. ஆகவே தேர்வில் எழுதுங்கள், அதை வைத்துப் பங்கு வாங்காதீர்கள்.

சந்தேகத்துக்கு இடமில்லாதவை கணக்கு சார்ந்தவை. எனக்கு அவைதான் பிடிக்கும். ஒன்று, செலவு. ஒரு லட்ச ரூபாய் ஆண்டுக்கு 12 சதவீதம் வளர்ந்தால் முப்பது ஆண்டில் சுமார் 30 லட்சம். கட்டணமாக ஒரு சதவீதம் போய் 11 ஆனால் 22 லட்சத்து 90 ஆயிரம். ‘ஒரு சதவீதம்தானே’ என்று கையெழுத்துப் போட்ட இடத்தில் ஏழு லட்சம் போய்விட்டது. மற்றொன்று, பரவலாக்கம். தலா 20 சதவீத ஏற்ற இறக்கமும் ஒரே அளவு எதிர்பார்க்கும் வருவாயும் கொண்ட, ஒன்றோடு ஒன்று தொடர்பில்லாத இரண்டு முதலீடுகளில் பாதிப் பாதி போட்டால், ஆபத்து 20 சதவீதத்திலிருந்து சுமார் 14 ஆகக் குறைகிறது, எதிர்பார்க்கும் வருவாய் குறைவதில்லை. 1952இல் ஹாரி மார்கோவிட்ஸ் இதைக் கணிதமாக்கினார். ஆனால் ‘தொடர்பில்லாத’ என்ற சொல்லைக் கவனியுங்கள். இரண்டும் பாதியளவு சேர்ந்து ஆடுபவை என்றால் 17க்கு மேல்தான் நிற்கும். ஐந்து வங்கிப் பங்குகளை வாங்கிவிட்டுப் பரவலாக்கிவிட்டேன் என்று சொல்லும் ஆட்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

உறுதி போலத் தோன்றி உறுதியில்லாதது, ‘நீண்ட காலத்தில் பங்கு ஏறியே தீரும்’ என்பது. இந்தியாவிலும் அமெரிக்காவிலும் இதுவரை அப்படித்தான். ஆனால் ஜப்பானின் நிக்கேய் குறியீடு 1989 டிசம்பர் இறுதியில் தொட்ட 38,915ஐத் திரும்பத் தாண்டியது 2024 பிப்ரவரியில். முப்பத்து நான்கு ஆண்டு. நடுவில் வந்த டிவிடெண்டைச் சேர்த்தால் கதை கொஞ்சம் மென்மையாகும், அவ்வளவுதான். ஏறும் என்பதற்கு வாய்ப்பு அதிகம் என்று சொல்லுங்கள். கட்டாயம் என்று சொல்பவர் எதையோ விற்க வந்திருக்கிறார்.

புதிய பங்குகளை வெளியிடும் முதன்மைச் சந்தை, ஏற்கெனவே உள்ள பங்குகள் கைமாறும் இரண்டாம் நிலைச் சந்தை என்ற வேறுபாட்டிலும் ஒரு குழப்பம் உண்டு. நீங்கள் சந்தையில் ஒரு பங்கை வாங்கினால் அந்தப் பணம் நிறுவனத்துக்குப் போவதில்லை, உங்களுக்கு விற்றவருக்குப் போகிறது. புதிய வெளியீட்டில்கூட எப்போதும் போவதில்லை. 2022 மே மாதம் எல்.ஐ.சி. பங்கு வெளியீடு வந்ததே, 3.5 சதவீதப் பங்கு, சுமார் 21,000 கோடி ரூபாய். முழுவதும் அரசு தன் கையிலிருந்ததை விற்றது. எல்.ஐ.சி.க்கு அதில் ஒரு ரூபாய் கிடையாது. வெளியீட்டு விலை 949, முதல் நாள் வர்த்தகம் தொடங்கியதே 870 ரூபாயை ஒட்டி. பாலிசிதாரருக்கு 60 ரூபாய் தள்ளுபடி கொடுத்திருந்தார்கள், அவர்களுக்கும் அன்று நஷ்டம்தான். நல்ல நிறுவனம் என்பதும் நல்ல விலை என்பதும் தனித்தனிக் கேள்விகள்.

ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் (சுருக்கமாக எஃப் அண்ட் ஓ), அதாவது பின்னாளில் வாங்கி விற்க இன்றே போடும் ஒப்பந்தங்கள் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் விடுதியில் யாராவது நிச்சயம் பேசுவார்கள். நெல்லோ டாலரோ வைத்திருப்பவர் விலை இறங்கும் பயத்தை வேறொருவருக்கு மாற்றிவிட ஏற்பட்ட கருவி அது, அந்த வகையில் பயனுள்ளது. தனிநபர்கள் அதில் என்ன ஆனார்கள் என்று செபியே கணக்கெடுத்தது. 2021-22 முதல் 2023-24 வரை மூன்று நிதியாண்டுகளில், பங்குச் சந்தை எஃப் அண்ட் ஓ-வில் இறங்கிய ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். ஒருவர் லாபம் இன்னொருவர் நஷ்டம் என்ற ஆட்டத்தில் தரகும் வரியும் போனால் சராசரி ஆள் தோற்றே ஆக வேண்டும். இதற்கு மேல் அதில் சொல்ல எதுவும் இல்லை.

சரி, 10,000 ரூபாய். எதில் என்று கேட்பதற்கு முன் எப்போது வேண்டும் என்று கேளுங்கள். அடுத்த பருவக் கட்டணத்துக்கோ மேற்படிப்பு விண்ணப்பத்துக்கோ வேண்டுமென்றால் வங்கி வைப்பு போதும். ஒரு வங்கியில் ஒருவருக்கு ஐந்து லட்சம் வரை டெபாசிட் காப்பீடு உண்டு. 7 சதவீத வட்டி, 5 சதவீத விலைவாசி உயர்வு என்றால் உண்மையான வருவாய் இரண்டுக்கும் குறைவு. வரி கட்டும் நிலையில் நீங்கள் இல்லாததால் அதுவாவது மிஞ்சும். 30 சதவீத வரி கட்டுகிற உங்கள் பேராசிரியருக்கு 4.9தான் கையில் நிற்கும், அவர் விலைவாசியைக்கூட எட்டவில்லை. ஏழெட்டு ஆண்டு தொடப் போவதில்லை என்றால் கட்டணம் குறைந்த ஒரு இன்டெக்ஸ் ஃபண்டில், அதாவது ஒரு குறியீட்டில் உள்ள பங்குகளையெல்லாம் அப்படியே வாங்கி வைக்கும் நிதியில், மாதம் 500 என்று போடுங்கள். இது பணக்காரராக அல்ல. சந்தை 30 சதவீதம் விழும் வாரத்தில் தூக்கம் வருகிறதா என்று உங்களைப் பற்றி நீங்களே தெரிந்துகொள்ள. அந்தப் பாடத்துக்கு 3,000 ரூபாய் மலிவு, நாற்பது வயதில் அதே பாடத்துக்குக் கட்டணம் பல லட்சம். இருபது வயதில் உங்கள் பெரிய சொத்து இந்தப் பணமே அல்ல, இனி வாங்கப்போகும் நாற்பது ஆண்டுச் சம்பளம். பொருளாதாரத் தரவைப் புள்ளியியலால் அலசும் எக்கோனோமெட்ரிக்ஸ் புரியவில்லை என்றால் அதற்கொரு நல்ல வகுப்பில் பாதிப் பணத்தைக் கட்டினாலும் நான் அதை முதலீடு என்றே சொல்வேன்.

பணம் போடாமலே கற்க ஒரு பயிற்சி தருகிறேன், என்னிடம் சேர்ந்த இளைஞர்களுக்கெல்லாம் கொடுத்தது. ரிசர்வ் வங்கியின் நாணயக் கொள்கைக் குழு வழக்கமாக ஆண்டுக்கு ஆறு முறை கூடும். முடிவு வரும் நாளில் காலை 10 மணிக்கு ஆளுநர் பேசுவார். அதற்கு முந்தின இரவே ஒரு நோட்டில் மூன்று வரி எழுதுங்கள்: வட்டி என்ன ஆகும் என்று நான் நினைக்கிறேன், செய்தித்தாள்கள் என்ன நினைக்கின்றன, இரண்டும் வேறானால் ஏன். காலை 9.55க்கு பத்தாண்டு அரசுப் பத்திரத்தின் ஈல்டைக் குறித்துக்கொள்ளுங்கள். 10.30க்கு மறுபடி குறியுங்கள். நடுவில் எது மாறியதோ அதற்குக் காரணம் ஆளுநர் சொன்ன எந்த வாக்கியம் என்று தேடிப் பாருங்கள். முதல் இரண்டு மூன்று முறை குழப்பமாகத்தான் இருக்கும். ஆறு முறை முடிந்ததும் அந்த நோட்டோடு வந்து மறுபடி கேளுங்கள்.